ஏட்டில் எழுதிய மருத்துவ நெறி

வாணியம்பாடி என்றதும் தோல் பதனிடும் தொழிலும் இஸ்லாமியாக் கல்லூரியும் நம் நினைவுக்கு வரும். ஆனால் இவ்வூரைத் தன்னகத்தே கொண்டிருந்த பழைய வட ஆர்க்காடு மாவட்டத்துக்குத் துயரமான இன்னொரு வரலாறும் உண்டு. தொழுநோய் மிகுந்திருந்த மாவட்டங்களுள் அதுவும் ஒன்று.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் 1948-ல் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தத் தொடங்கினார். 1955-ல் வேலூரை அடுத்த கரிகிரியில் தொழுநோய் ஆய்வு நிலையம் எழுந்தது. ஆயினும் மருந்து என்று கைவசமிருந்தது பெரும்பாலும் டாப்சோன் ஒன்றே. அதைப் பல்லாண்டுகள், சிலர் ஆயுள் முழுதும் உண்டனர். தனி மருந்தையே நம்பியதன் விளைவு, 1964-ல் மலேசியாவில் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது: கிருமிகள் அம்மருந்தை எதிர்த்து நிற்கப் பழகிவிட்டன!

1981-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக் குழு ஜெனீவாவில் கூடியது. நோய் கடுமையானவர்க்கு ரிபாம்பிசின், குளோபாசிமின், டாப்சோன் ஆகிய மூன்றும் குறைந்தது இரண்டாண்டுகள். இலேசானவர்க்கு ரிபாம்பிசினும் டாப்சோனும் ஆறு மாதங்கள். மாத்திரைகளை நாள்தோறும் வீட்டில் உண்ணலாம். ரிபாம்பிசினை மாதம் ஒருமுறை பணியாளரின் கண்ணெதிரே விழுங்க வேண்டும். இவ்வாறு நெறி வகுக்கப்பட்டது.

இம்மருந்துகளில் எதுவும் அன்று புதிதன்று. யாருக்கு, எது, எவ்வளவு, எத்தனை காலம் என்று எழுதி வைத்ததே புதிது. பெருமருத்துவரின் மனத்தில் மட்டும் இருந்த அறிவு, சிற்றூர்ப் பணியாளரின் கைக்கு வந்தது. ஏழைக்கும் செல்வருக்கும் ஒரே மருத்துவம் கிடைக்க வழி பிறந்தது.

எழுதிய நெறி கல்வெட்டாகிவிடவும் இல்லை. அனுபவத்தைச் சீர்தூக்கி, இரண்டாண்டு மருத்துவம் பின்னர் ஓராண்டாகக் குறைக்கப்பட்டது. சோதித்தறிந்தே விதி செய்யும் இப்பண்பு நமக்கு அந்நியமானதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மருத்துவ மேதை அர்-ராஸீ, ஒரு சாராருக்குக் குருதி வடித்தும் மற்றொரு சாராருக்கு வேண்டுமென்றே வடிக்காமலும் பயனை ஒப்பிட்டதைத் தம் 'அல்-ஹாவி'யில் குறித்துள்ளார்.

2005-ன் இறுதியில் இந்தியாவில் நோயாளர் விகிதம் பதினாயிரத்துக்கு ஒருவருக்கும் கீழே இறங்கியது. அத்துடன் நோய் ஒழிந்ததென நாம் மயங்கிவிடலாகாது. உலகில் புதிதாகக் கண்டறியப்படுவோரில் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் இந்தியரே. உணர்ச்சியற்ற தேமலை வெட்கத்தால் மறைப்பவரிடம் எந்த நெறியும் சென்று சேராது. அவ்வெட்கத்தைப் போக்குவது மருத்துவர் கடமை மட்டுமன்று, நம் கடமையுமாகும்.