லோயர் கேம்ப் வழியே மலையேறிய கூலிகள்

பொருளாதாரப் பாடப்புத்தகத்தில் உழைப்புச் சந்தை என்றொரு இடம் வரும். உழைப்பை விற்பவர் ஒருபக்கம், வாங்குபவர் மறுபக்கம். பேரம் நடக்கும், கூலி முடிவாகும். குறைந்த கூலி வாங்குகிறவருக்குப் படிப்பும் திறமையும் குறைவு என்று அந்தப் புத்தகம் சொல்லும். கம்பம் பள்ளத்தாக்கில் வேலை செய்யும் நாங்கள் அதற்கு முந்தைய கேள்வியைக் கேட்கிறோம்: படிப்பு ஏன் நின்றது? உடம்பு ஏன் தேய்ந்தது? இதற்கு விடை தேட கூடலூரைத் தாண்டி, குமுளி மலைச்சாலை தொடங்கும் லோயர் கேம்ப் வரை போனால் போதும்.

அணை கட்டிய உடம்புகள்

லோயர் கேம்ப் என்பது கீழ் முகாம். பெயரிலேயே வேலை இருக்கிறது. 1887இல் தொடங்கிய முல்லைப் பெரியாறு அணையை 1895 அக்டோபர் 10 அன்று சென்னை ஆளுநர் வென்லாக் திறந்துவைத்தார். மேற்கே ஓடிய ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, வைகைப் பக்கம் திருப்பிய வேலை அது. காட்டு விலங்கு, அடைமழை, வெள்ளம் எல்லாம் இருந்தன. கூடவே மலேரியாக் காய்ச்சலும் இருந்தது. கட்டுமானக் காலத்தில் நோயால் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டவர்கள் 483 பேர் என்பது பதிவான கணக்கு. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்தது 1897இல், அதாவது அணை முடிந்து இரண்டு ஆண்டுகள் கழித்து.

பென்னிகுயிக்குக்கு லோயர் கேம்பில் 2013இல் மணிமண்டபம் திறக்கப்பட்டது. அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கும் பள்ளத்தாக்கு இது. அந்த நன்றியில் நமக்கும் பங்குண்டு. ஆனால் அந்த 483 பேரில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? தண்ணீர் வந்தது, கம்பம் பள்ளத்தாக்கில் சுமார் 14,700 ஏக்கர் இருபோகம் விளைந்தது. நிலம் இருந்தவருக்கு இரண்டு அறுவடை கிடைத்தது. நிலம் இல்லாதவருக்குக் கிடைத்தது இரண்டு அறுவடைக் கூலி.

நிலம் இல்லாமல் போனதற்கும் வரலாறு உண்டு. அணை எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்கீர், பறையர்களின் நிலமற்ற நிலை பற்றி அறிக்கை எழுதினார். 1892இல் பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு அது வழிசெய்தது. அயோத்திதாசர் 1891இல் திராவிட மகாஜன சபையைத் தொடங்கினார். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். நம் முன்னோர் அன்று நிலத்தையும் பள்ளியையும் சேர்த்தே கேட்டார்கள். நிலம் இருந்தால் கூலியை மறுக்கலாம், படிப்பு இருந்தால் வேறு வேலைக்குப் போகலாம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

கங்காணியும் முன்பணமும்

அணைக்குப் பிறகும் மலைப்பாதை ஓயவில்லை. பீர்மேடு, வண்டிப்பெரியாறு, தேவிகுளம் எனத் தேயிலையும் ஏலமும் பரவிய மலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து ஆள் பிடித்தார். ஓர் ஆள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு. ஆகவே காய்ச்சலில் கிடப்பவரையும் எழுப்புவது அவருக்கு லாபம். படுத்தால் கூலி இல்லை. கூலி இல்லாவிட்டால் முன்பணம் கழியாது. கழியாவிட்டால் ஊர் திரும்ப முடியாது. 1859ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டம், முன்பணம் வாங்கி வேலையை விட்டவரைக் குற்றவாளியாக்கியது. சென்னை மாகாணம் 1903இல் தோட்டத் தொழிலாளருக்கென்றே தனிச் சட்டமும் போட்டது. ஆனைமலைத் தோட்டங்களில் இதெல்லாம் எப்படி நடந்தது என்பதை மருத்துவராக இருந்து கண்ட பி.எச்.டேனியல் எழுதிய ‘ரெட் டீ’, தமிழில் ‘எரியும் பனிக்காடு’ என்று வந்திருக்கிறது. படிக்காதவர்கள் படியுங்கள்.

பன்னிரண்டு வயதில் முடியும் பள்ளி

சுதந்திர இந்தியாவில் 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீடு, மருத்துவமனை, குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கியது. இது பெரிய வெற்றி. ஆனால் இரண்டு பிரிவுகளைச் சேர்த்துப் பாருங்கள். தொழிலாளரின் 6 முதல் 12 வயதுப் பிள்ளைகள் 25க்கு மேல் இருந்தால் கல்வி வசதி செய்துதரச் சொல்லலாம் என்றது ஒரு பிரிவு. 12 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது இன்னொரு பிரிவு. பள்ளி எந்த வயதில் முடிகிறதோ அந்த வயதில் வேலை தொடங்கலாம்! 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தபோதுதான் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது.

வீடும் அப்படித்தான். லயத்து வீடு வேலையோடு கட்டப்பட்டது. அம்மா ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். காலி செய்யாமல் இருக்க மகளோ மருமகளோ கொளுந்து பறிக்கப் போக வேண்டும். இதைப் ‘பரம்பரைத் தொழில்’ என்று எழுதுகிறவர்கள், வீட்டுச் சாவி யார் கையில் இருந்தது என்று எழுதுவதில்லை.

இதையெல்லாம் தாண்டிப் படித்த பிள்ளை சான்றிதழில் மாட்டிக்கொண்டது. 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணைக்குப் பிறகு குடிபெயர்ந்தவர், போன மாநிலத்தில் பட்டியல் சாதிச் சலுகை பெற முடியாது. 1956இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. பாட்டன் காலத்திலிருந்து அங்கேயே உழைத்த தமிழ்த் தலித் குடும்பம், 1950க்கு முன்பே அங்கு இருந்ததற்குக் காகிதம் காட்ட வேண்டும். தோட்டக் கணக்கில் பேர் வைத்துக்கொண்டவர் முதலாளி. காகிதம் கேட்கப்படுவது தொழிலாளியிடம். கேரளத்தில் சான்றிதழ் கிடையாது, தமிழ்நாட்டில் முகவரி கிடையாது. இப்படி இடஒதுக்கீடு கைநழுவிய பிள்ளை திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனால், அதைத் திறமைக் குறைவு என்று சொல்லலாமா?

சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்யும் மனிதர்களையே மேல் கீழாக அடுக்குகிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் விளக்கினார். மலைத்தோட்டம் அந்த அடுக்கின் இன்னொரு படி.

பெண்கள் சொன்ன பதில்

2015 செப்டம்பரில் மூணாறில் பெண் தொழிலாளர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் தமிழ்த் தலித் பெண்கள். அப்போது நாள்கூலி 232 ரூபாய். தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டு, ‘பொம்பிளை ஒருமை’ என்ற பெயரில் தாங்களே பேசினார்கள். 20 சதவீத போனஸ் பெற்றார்கள். கூலி 301 ரூபாய் ஆனது. அந்த ஆண்டில் யாருடைய படிப்பும் கூடிவிடவில்லை, யாரும் புதுத் திறமை கற்கவில்லை. கூடியது ஒற்றுமை மட்டும்தான். ஆனாலும் லயங்கள் அப்படியே இருந்தன. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண்சரிந்து லயங்களைப் புதைத்தது. 70 உயிர்கள் போயின. இடம் தேர்ந்தெடுத்துக் குடியிருக்கும் உரிமை அவர்களுக்கு இருந்ததா?

இன்றைய ஜீப்பு

இன்றும் விடியலில் கம்பம், கூடலூர்ப் பக்கத்திலிருந்து ஜீப்புகள் லோயர் கேம்ப் வழியே ஏலத்தோட்டங்களுக்கு ஏறுகின்றன. நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களில் அதிகம் பெண்கள். 1951 சட்டம் 5 ஹெக்டேருக்கும் 15 தொழிலாளருக்கும் குறைந்த தோட்டத்தைத் தொடவில்லை. 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், ஒப்பந்ததாரர் மூலம் போனவர்கள் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் பேசியது. இரண்டையும் 2020இல் நாடாளுமன்றம் புதிய தொகுப்புக்குள் போட்டுவிட்டது. இரவு தமிழ்நாட்டில் தூங்கி, பகலில் கேரளத்தில் உழைத்து, மருந்தடித்த தோட்டத்தின் காற்றை மூச்சில் ஏந்தி வரும் பெண்ணுக்கு எந்த அரசு பொறுப்பு? பதிவேட்டில் பெயரே இல்லாதவருக்கு மகப்பேறு விடுப்பு எங்கே? அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசினார். அந்தப் பேச்சு இன்னும் இந்த ஜீப்பை எட்டவில்லை.

ஆகவே இளந்தோழர்களே, ஆய்வுக்கும் களத்துக்கும் வரும்போது மூன்று வேலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஜீப்பில் போகிறவர்களின் பெயர், தோட்டம், கூலி, நோய் ஆகியவற்றை எழுதிவையுங்கள். நாளைய நட்டஈட்டு வழக்குக்கு அதுதான் ஆதாரம். நலவாரியத்தில் பதியாத ஒவ்வொருவரையும் பதியச் செய்யுங்கள். மலையிலிருக்கும் உறவினர் வீடுகளில் பழைய சம்பளச் சீட்டு, பள்ளிச் சான்று இருந்தால் படம் எடுத்து வையுங்கள். ஒரு பிள்ளையின் சான்றிதழ் அதில் இருக்கலாம். 483 பேர் எண்ணிக்கையாக மட்டுமே மிஞ்சினார்கள். இன்று மலையேறுகிறவர்கள் பெயரோடு இருக்கட்டும்.

ஜெய் பீம்.