பத்துமலைச் சிலந்தி பெயர் பெற்ற வரலாறு

எம் பள்ளி மாணவன் ஒருவன், செம்பனை மரத்தடியில் பிடித்த சிற்றுயிர் ஒன்றைத் தீப்பெட்டியில் இட்டு என் மேசைமேல் வைத்தான். எட்டுக் கால்களைக் கண்டதும், “சிலந்தி” என்றேன். “எந்தச் சிலந்தி, ஐயா?” என்று கேட்டான். விடை கூற இயலவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்று, ஜாசின் வட்டாரத் தோட்டப் பள்ளிகளில் ஆண்டுகள் பல கற்பித்தவன் யான். எனினும் ஓர் உயிருக்குப் பெயர் எவ்வாறு அமைகிறது என்பதை அன்றுவரை எண்ணிப் பார்த்தவன் அல்லேன். அக்கேள்வியே என்னைப் பத்துமலைக்கு இட்டுச் சென்றது.

பத்துமலை நமக்குப் புதிதன்று. தம்புசாமிப் பிள்ளை அவர்கள் 1891-ஆம் ஆண்டில் அங்கு முருகனுக்குக் கோயில் எடுத்தார். 1892 முதல் தைப்பூசம் நடைபெற்று வருகிறது. 1920-இல் மரப்படிகள் அமைந்தன. இன்று 272 படிகள் உள்ளன. அப்படிகளில் பாதிக்கு மேல் ஏறியதும், ஒரு பக்கமாகப் பிரிந்து இருட்குகைக்குச் செல்லும் வழி ஒன்றுண்டு. வேலனை நினைந்து ஏறுவோர் கண்ணில் அது படுவதில்லை. அந்த இருட்குகையில் வாழும் ஒரு சிலந்தி, நாம் வணங்கும் அம்மலையின் பெயரையே தாங்கி உலக விலங்கியல் நூல்களில் இடம் பெற்றுள்ளது.

அதன் அறிவியற் பெயர் ‘லிபிஸ்டியஸ் பத்துவென்சிஸ்’ என்பது. 1923-ஆம் ஆண்டில் எச். சி. ஏபிரகாம் என்பார் இதனை விவரித்து எழுதிப் பெயரிட்டார். பெயரின் முற்பகுதி அதற்கும் பழையது. டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஷியோட்டே, பினாங்கிலிருந்து கிடைத்த சிலந்தி ஒன்றை ஆராய்ந்து, 1849-இல் அப்பேரினத்தை நிறுவினார். பிற்பகுதியோ தமிழாசிரியர்க்குச் சுவை பயப்பது. ‘பத்து’ என்பது மலாய்மொழியில் கல்லைக் குறிக்கும். ‘என்சிஸ்’ என்பது இலத்தீனில் ‘அவ்விடத்தைச் சார்ந்தது’ எனப் பொருள்படும் விகுதி. நம் செவிக்கு எண்ணுப்பெயராக ஒலிக்கும் ஒரு மலாய்ச் சொல் இலத்தீன் விகுதி பெற்று உலகெங்கும் வழங்குகிறது.

அறிஞர்கள் இச்சிலந்தியை இத்துணைப் போற்றுவது ஏன்? நம் வீட்டு மூலையில் வலை பின்னும் சிலந்தியின் வயிறு பிரிவின்றி வழவழப்பாக இருக்கும். நூல் நூற்கும் உறுப்புகள் வயிற்றின் கடைசியில் அமைந்திருக்கும். பத்துமலைச் சிலந்திக்கோ வயிற்றின் மேற்புறத்தில் தகடுகள் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. நூற்கும் உறுப்புகள் வயிற்றின் அடிப்புறத்தில் நடுவே உள்ளன. இவை மிகப் பழைய சிலந்தி இனத்தின் அடையாளங்கள். பிரான்சு நாட்டில் கிடைத்த, ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லுருவில் இதே வகைச் சிலந்தியின் வடிவம் காணப்படுகிறது. 1996-இல் அது விவரிக்கப்பட்டது. ஐரோப்பாவில் கல்லாகிவிட்ட குலத்தின் வழிவந்தவை, இன்று தென்கிழக்காசியாவிலும் கிழக்காசியாவிலும் மட்டுமே உயிருடன் உலவுகின்றன. அவற்றுள் ஒன்று நம் தைப்பூசப் படிகளின் அருகே குடியிருக்கிறது.

அதன் வாழ்க்கை முறையும் வியப்பிற்குரியது. குகைச் சுவரில் பட்டிழையால் குழல்போல் வீடு அமைத்து, அதன்மேல் மண்துகள்களைப் பூசிக்கொள்கிறது. வாயிலுக்குக் கீல் வைத்தாற்போன்ற கதவு உண்டு. வாயிலிலிருந்து சில இழைகள் விசிறிபோல் பரந்திருக்கும். கதவின் பின்னே காத்திருக்கும் சிலந்தி, பூச்சியொன்று இழையில் இடறிய அதிர்வை உணர்ந்ததும் வெளிப்பாய்ந்து பற்றிக்கொள்ளும். ஒளி புகாத இடத்தில் கண்ணினும் இழையே அதற்குத் துணை.

ஈண்டு நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. 1923-க்கு முன்னரும் இக்குகைகளை மனிதர் அறிவர். தெமுவான் மக்கள் அங்கு ஒதுங்கித் தங்கியதுண்டு. சீனர் வௌவால் எருவை அள்ளியதுண்டு. 1878-இல் ஹார்னடே என்னும் அமெரிக்க இயற்கையாளர் வந்து கண்டு, பின்னர்த் தம் நூலில் எழுதினார். நம் முன்னோரும் ஆண்டுதோறும் வந்தனர். இவர்களுள் எவரேனும் இச்சிலந்தியைக் கண்டிருத்தலும் கூடும். ஆயினும் கண்டது வேறு. கண்டதைப் பிறர் சரிபார்க்குமாறு எழுதி வைப்பது வேறு. விலங்கியல் வழக்கில் புதிய இனத்திற்குப் பெயரிடுவோர், அதன் உறுப்புகளை அளந்து, ஒத்த இனங்களிலிருந்து அது வேறுபடும் முறையைக் கூறி, கிடைத்த இடத்தைக் குறித்து, மாதிரி உடலைப் பாதுகாத்து, அச்சில் வெளியிடுதல் வேண்டும். முதலில் முறையாக வெளியிட்ட பெயரே பொதுவாக நிலைபெறும். நூறாண்டு கடந்தும் ஏபிரகாமின் பெயர் அச்சிலந்தியின் பெயரைத் தொடர்ந்து எழுதப்படுவது இதனாலேயே.

தீப்பெட்டிக்கு மீண்டும் வருவோம். பெயர் கூற இயலாத யான் அம்மாணவனிடம், “பெயர் கிடக்கட்டும், நீ கண்டதை மட்டும் எழுதி வா” என்றேன். மறுநாள் ஒரு தாளில் எழுதி வந்தான்: “கால்கள் எட்டு, நூல்போல் நீளம். தலையும் வயிறும் இடுப்பில்லாமல் ஒரே உருண்டை. வலை இல்லை. மரத்தடி ஈரத்தில் இருந்தது.” படித்ததும் என் பிழை எனக்குப் புலனாயிற்று. சிலந்திக்கு ஒடுங்கிய இடுப்பு உண்டு. நூல் நூற்கும் உறுப்பும் உண்டு. இவ்வுயிர்க்கு இரண்டும் இல்லை. இது சிலந்தியன்று, சிலந்தியின் உறவாகிய வேறோர் இனம். ஆங்கிலேயர் இதனை ‘அறுவடைக்காரர்’ என்னும் பொருள்படும் பெயரால் வழங்குவர். இவ்வினத்தாரை உலகளவில் தொகுத்துரைத்த பெருநூலை ஜெர்மானிய அறிஞர் ரோவர் வெளியிட்டதும் அதே 1923-ஆம் ஆண்டிலேயாம்.

தலைமையாசிரியன் சொன்ன பெயரை மாணவன் எழுதிய நான்கு வரிகள் திருத்திவிட்டன. நாணம் ஒருபுறம் இருப்பினும், மகிழ்ச்சியே மிகுதி. பெயர்களை மனப்பாடம் செய்விக்கும் நாம், பெயருக்கு முன்னதாகிய நோக்குதலையும் எழுதுதலையும் கற்பித்தல் வேண்டும். பால்மரமும் செம்பனையும் சூழ்ந்த நம் தோட்டங்களில் இன்னும் எவராலும் விவரிக்கப்படாத உயிர்கள் இருத்தல் கூடும். அவற்றைக் காணும் கண்கள் நம் வகுப்பறைகளில் அமர்ந்துள்ளன. அக்கண்களுக்கு ஒரு தாளும் ஓர் அளவுகோலும் கொடுப்பது நம் கடன்.