வீடு புகுந்த ஆமை

சென்ற ஐப்பசியில் எம் மாணவர் ஒருவர் பட்டாசு அட்டைப்பெட்டி ஒன்றைக் கொணர்ந்து எம் மேசைமீது வைத்தார். உள்ளே உள்ளங்கையளவேயான நட்சத்திர ஆமை. மழை பெய்து ஓய்ந்த காலையில் சாத்தூர்ப் பக்கத்து முட்காட்டில் கண்டெடுத்தாராம். "ஐயா, இதற்கு எவ்வளவு பெரிய தொட்டி கட்டவேண்டும்?" என்று கேட்டார். அடக்கமுடைமை அதிகாரத்தை நடத்திய குற்றத்திற்காக ஆமை வளர்ப்பிலும் எம்மை வல்லுநராகக் கருதிவிட்டார் போலும். எனினும் அக்கேள்வி எம்மை விடவில்லை. மனிதன் ஆமைக்குக் கட்டிய இருப்பிடங்களின் வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்த்தோம்.

நம் பழம்பாடல்களில் ஆமை உணவாகவும் உவமையாகவும் வருகிறது. கள்ளுடன் ஆமைப் புழுக்கை உண்ணும் உழவரைப் புறநானூற்றில் பிசிராந்தையார் காட்டுகிறார். குறுந்தொகையோ, தாய் முகம் நோக்கியே வளரும் ஆமைக்குஞ்சைக் காதலுக்கு உவமையாக்குகிறது. ஐம்புலன் அடக்கத்திற்கு அதனையே சான்றாக்கினார் வள்ளுவர். நடைமுறை வாழ்விலோ, ஊர்க்கிணறுகளில் நன்னீர் ஆமைகளை விட்டுவைக்கும் வழக்கம் இருந்தது. புழு பூச்சிகளைத் தின்று நீரைத் தூய்மையாக வைக்கும் என்பது நம்பிக்கை. நீர் ஆமைக்குக் கிணறு ஓரளவு பொருந்தும். நிலத்தில் மேயும் நட்சத்திர ஆமைக்கு அது சாக்குழி.

நில ஆமையின் அடைப்பைக் கூர்ந்து நோக்கி எழுதிவைத்தவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்தின் கில்பர்ட் வொயிட் என்னும் பாதிரியார். 'திமோத்தி' என்ற அவ்வாமை அவருடைய அத்தையின் வீட்டில், மதில் சூழ்ந்த சிறு முற்றத்தில் பல்லாண்டு வாழ்ந்தது. அத்தை மறைந்தபின் 1780இல் அதனைத் தம் ஊராகிய செல்போர்னுக்குக் கொண்டுவந்து தோட்டத்தில் விட்டார். 1789இல் வெளியான அவருடைய நூலால் அது உலகப் புகழ் பெற்றது. குளிர்காலம் நெருங்கினால் அது மண்ணைத் தோண்டிப் புதைந்துகொள்ளும். இலையுதிர்காலத்து மெல்லிய வெயிலை முழுதும் பெற, மதிலோரம் சென்று ஓட்டைச் சாய்த்து நிற்கும். மழைத்துளி விழுந்தால் ஒதுங்கும். தோண்ட மண், காய வெயில், ஒதுங்க நிழல் என, நல்ல அடைப்பின் இலக்கணத்தை ஆமையே எழுதிக் காட்டியது எனலாம். ஆயினும் ஆண்பெயரிட்டு வளர்க்கப்பட்ட திமோத்தி பெண் என்பது, அது இறந்தபின் ஓட்டை ஆராய்ந்தபோதுதான் தெரிந்தது. அத்தனை ஆண்டு அருகிருந்தும் நாம் அறிவது அவ்வளவே.

நம் நாட்டிலும் புகழ்பெற்ற ஆமை ஒன்று இருந்தது. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்க 1922இல் கல்கத்தாவுக்குப் போனார்கள். அவர்கள் கற்றுவந்த தொழிலே பின்னர் இப்பகுதியின் வரலாற்றை மாற்றியது. அவர்கள் சென்ற அந்நாளிலேயே அந்நகரின் அலிப்பூர் விலங்குக்காட்சிச் சாலையில் 'அத்வைதா' என்னும் பேராமை ஏறத்தாழ அரை நூற்றாண்டாக வாழ்ந்துகொண்டிருந்தது. இந்தியப் பெருங்கடலின் அல்டாப்ரா தீவினம் அது. எடை சுமார் 250 கிலோ. ராபர்ட் கிளைவிடம் இருந்ததென்றும் சொல்வதுண்டு, உறுதியான சான்றில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி போயிற்று, அரசாட்சி மாறிற்று, நாடு விடுதலை பெற்றது. அத்வைதா மட்டும் தன் வேலிக்குள்ளேயே இருந்தது. 2006 மார்ச்சில் இறந்தது. ஒருவர் கட்டிய அடைப்பு அவர் ஆயுளுக்கு மட்டுமன்று, பேரன்மாரின் ஆயுளுக்கும் பொறுப்பேற்க வேண்டியது என்பதே அவ்வுயிர் விட்டுச்சென்ற பாடம்.

மாணவர் கேள்விக்கு மீள்வோம். நட்சத்திர ஆமை வறண்ட புதர்க்காட்டு உயிர். புல்லும் பழமும் அதன் உணவு. மழைக்காலமே அதன் உலாக்காலம். உச்சி வெயிலில் புதரடியில் ஒடுங்கும். ஈரம் தேங்கும் தொட்டியில் அதன் நுரையீரல் நோயுறும். வெயிலும் தக்க உணவும் குறைந்தால் ஓடு கோணலாக வளரும். முதுகின் நட்சத்திரக் கோடுகள் காய்ந்த புல்லிடையே அதனை மறைக்கப் பிறந்தவை. அந்த அழகே இன்று அதற்குப் பகையாயிற்று: வளர்ப்புப் பிராணிச் சந்தைக்காக ஆயிரக்கணக்கில் கடத்தப்படுகிறது. பன்னாட்டு வணிக உடன்படிக்கை 2019இல் இதனை உச்சக் காப்புப் பட்டியலில் சேர்த்தது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், 2022 திருத்தத்தின்படி இதனை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. காட்டிலிருந்து எடுத்து வீட்டில் வளர்ப்பது குற்றம்.

இவற்றைச் சொன்னபோது மாணவரின் முகம் வாடிற்று. "நன்றாகத்தானே வளர்ப்பேன், ஐயா?" என்றார். அவர் அன்பில் எமக்கு ஐயமில்லை. திமோத்தியின் அத்தையிடமும் அன்பு இருந்தது. அன்று மாலையே இருவருமாக வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைத்தோம். வெறும் பெட்டியோடு திரும்பும் வழியில் அவர் ஒன்றும் பேசவில்லை.

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பது பழமொழி. ஆமை புகுந்த வீட்டைத் தேடி அமீனாவும் வரக்கூடிய காலம் இது. ஆயினும் வரலாற்றைப் பார்த்தபின் எமக்கு வேறொன்று தோன்றுகிறது: உருப்படாமற் போவது வீடன்று, வீடு புகுந்த ஆமைதான். அதற்கேற்ற அடைப்பை எவரும் கட்டவேண்டியதில்லை. சாத்தூர்ச் சாலையோரம், பட்டாசுக் கொட்டகைகளுக்கும் மனைப்பிரிவுக் கற்களுக்கும் இடையே எஞ்சிநிற்கும் அந்த முட்காடே அது. அதனை விட்டுவைத்தால் போதும்.