கந்தளாய்க் கல்லெழுத்தும் கூட்டுக் காவலும்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தென்மேற்கே கந்தளாய் இருக்கிறது. அதனை அடுத்த பளமோட்டையில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் விஜயபாகுவின் 42ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. நங்கைசானி என்னும் பிராமணப் பெண், இறந்த கணவன் பொருட்டு, தென்கயிலாசம் என்ற விஜயராஜ ஈசுவரத்துக்கு அறக்கட்டளை வைத்தாள். அதைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரப் படையினரிடம் ஒப்படைக்கப்பட்டது.

சிவன் கோயில் அறத்துக்குப் படைவீரர் காவலா? இதில் வியப்பில்லை. கொடுத்தவர் மறைவர்; அரசரும் மாறுவர். கலையாது நிற்கும் குழு ஒன்றே அறத்தைத் தலைமுறை கடந்து கொண்டுசெல்லும். விஜயபாகு 1110இல் மறைந்தபின் பொலன்னறுவையில் இதே படையினர் புத்தரின் தந்ததாதுக் கோயிலுக்கும் காவலாயினர். அப்போது அவர்கள் தனித்து முடிவு செய்யவில்லை. தமக்கு மூத்தோராக மதித்த வலஞ்செயரையும், நகரத்தாரையும் கூட்டிப் பேசினர். பின்னர்ப் படைப்பிரிவுதோறும் ஓர் ஆளும் ஒரு வேலி நிலமும் ஒதுக்கினர். வணிகரும் வீரரும் பௌத்த சங்கத்தாரும் ஒரே சாசனத்தில் பிணைந்தனர். அவரவர் சமயமோ அவரவரிடமே இருந்தது.

திருகோணமலைக்கு வடமேற்கே பெரியகுளத்திலுள்ள இராஜராஜப் பெரும்பள்ளியும் இத்தகையதே. பௌத்தப் பள்ளியான அதற்குச் சோழர் காலத்தில் நந்தா விளக்கும் பசுக்களும் அளித்தோர் பெயர்கள் தமிழ்க் கல்வெட்டுகளில் உள்ளன.

இவ்வழக்கம் ஈழத்துக்கு மட்டும் உரியதன்று. கி.பி. 849இல் வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வழங்கிய செப்பேடு, அக்கிறிஸ்தவப் பள்ளியின் காவலை அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் இரு வணிகக் குழுக்களுக்குத் தந்தது. சாட்சிகள் அரபு எழுத்திலும் பகலவியிலும், எபிரேய எழுத்தில் பாரசீக மொழியிலும் கையொப்பமிட்டனர்; யூதரும் முசுலிம்களும் பாரசீகரும் ஒரே ஏட்டில் நின்றனர் என்பது பெறப்படும். கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு அளித்த உரிமைகளிலும் அஞ்சுவண்ணம் இடம்பெற்றது.

குழுக்கள் சேர்ந்தால் பிணக்கும் சேரும். கோணேசர் கோயில் மரபைத் தொகுத்த கவிராசவரோதயர் இதனை மறக்கவில்லை. கோணேசர் கல்வெட்டு என்னும் அவர் நூல், குளக்கோட்டன் தானத்தாரையும் வரிப்பத்தாரையும் அழைத்து வந்து தொழும்புகளைப் பகிர்ந்தான் என்கிறது. அவர்களுக்குள் வழக்கு எழுந்தால் தீர்க்க மதுரையிலிருந்து தனியுண்ணாப் பூபாலனைக் கொணர்ந்தான் என்றும் கூறுகிறது. இது மரபுச் செய்தி. சாசனச் சான்றோடு ஒன்றாக வைத்து எண்ணுவது தகாது. ஆயினும் இரு தரப்புக்கும் வெளியே நடுவரை வைக்கும் அறிவு கூர்மையானது.

போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அக்கற்களாலேயே கோட்டை கட்டினர். சுவாமிமலைக் கோயில் அழிந்தது. தொழும்பு முறை அழியவில்லை. தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் கோயிலில் தானத்தார், வரிப்பத்தார் என்ற பெயர்கள் தொடர்ந்து வழங்கின.