எய்தவன் இருக்க அம்பை நோவதா? - லண்டன் சொல்லும் பாடம்

‘வெளியிலிருந்து ஆட்கள் வந்து குவிந்துவிட்டார்கள், அதனால்தான் நமக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை’ என்ற பேச்சை உலகின் பெருநகரங்கள் பலவற்றிலும் கேட்கிறோம். லண்டன் மாநகரில் இந்தப் பேச்சுக்கு வயது அதிகம். அது உண்மைதானா என்பதை அந்நகரின் வரலாற்றைக் கொண்டே சற்றுச் சிந்திப்போம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1801-ல் பிரிட்டனின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. அப்போது லண்டனில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் இருந்தார்கள். 1901-ல் இந்தத் தொகை சுமார் 65 லட்சம். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939-ல் அது 86 லட்சத்தைத் தொட்டது. அதற்குப் பிறகு நடந்ததுதான் பலருக்குத் தெரியாத செய்தி. லண்டன் வளரவில்லை, சுருங்கியது! 1980களில் மக்கள்தொகை 68 லட்சம் அளவுக்கு இறங்கிவிட்டது. ஐம்பது ஆண்டுக்குள் சுமார் 18 லட்சம் பேரை அந்நகரம் இழந்தது.

ஏன் இப்படி? போரில் விழுந்த குண்டுகள் ஒரு காரணம். அரசாங்கத்தின் திட்டம் இன்னொரு காரணம். நெரிசலைக் குறைக்க வேண்டும் என்று 1944-ல் பேட்ரிக் அபர்குரோம்பி ஒரு பெருந்திட்டம் வகுத்தார். 1946-ல் புதுநகரச் சட்டம் வந்தது. ஸ்டீவனேஜ், ஹார்லோ, கிராலி போன்ற புதிய நகரங்கள் எழுந்தன. குடும்பங்களும் தொழிற்சாலைகளும் லண்டனை விட்டு வெளியே போயின.

இதே காலத்தில்தான் புதியவர்கள் வந்தார்கள். 1948 ஜூன் மாதம் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ கப்பல் கரீபியன் மக்களை டில்பரியில் இறக்கியது. பேருந்துக்கும் ரயிலுக்கும் ஆள் கிடைக்காத லண்டன் போக்குவரத்து நிர்வாகம், 1956 முதல் பார்படோஸ் தீவுக்கே சென்று ஆள் எடுத்தது. மருத்துவமனைகளும் வெளிநாட்டுத் தாதியரை நம்பி இருந்தன. சில்ஹட் வட்டாரத்து வங்காளிகள் கிழக்கு லண்டன் தையற்கூடங்களில் வேலைக்கு அமர்ந்தார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் பெருமளவில் வந்தார்கள். நகரம் நிரம்பி வழிந்தபோது அவர்கள் வரவில்லை, காலியாகிக்கொண்டிருந்தபோது வந்தார்கள். பிறர் விட்டுச் சென்ற வேலையும் பழைய வீடுகளுமே அவர்களுக்குக் கிடைத்தன.

பிரிக் லேன் தெருவில் உள்ள ஒரு கட்டடமே இதற்குச் சாட்சி. 1743-ல் பிரான்சிலிருந்து அடைக்கலம் தேடி வந்த புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்களின் தேவாலயமாக அது எழுந்தது. 1898-ல் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் தொழுகைக்கூடமாக மாறியது. 1976-ல் வங்காள முஸ்லிம்களின் பள்ளிவாசலானது. ஒரு கூட்டத்தார் முன்னேறி வேறிடம் போக, அடுத்தவர் அங்கே குடியேறினர்.

ஆயினும் வெறுப்பு மட்டும் வளர்ந்தது. 1978 மே மாதம் அல்தாப் அலி என்ற வங்காளத் தையல் தொழிலாளி, வேலை முடிந்து திரும்பும் வழியில் இனவெறிக்குப் பலியானார். லண்டன் ஆண்டுதோறும் ஆட்களை இழந்துகொண்டிருந்த காலம் அது என்பதை மறக்கக் கூடாது.

அப்படியானால் வேலையைப் பறித்தது யார்? துறைமுகத்தைப் பாருங்கள். கரீபியன் அடிமைகள் உழைத்து விளைவித்த சர்க்கரைக்காக 1802-ல் வெஸ்ட் இந்தியா துறை திறக்கப்பட்டது. மலாயாத் தோட்டங்களில் நம் முன்னோர் பால்வெட்டிச் சேர்த்த ரப்பரும் லண்டனுக்குத்தான் போனது. மின்சிங் லேன் தெருவில் அதற்கு விலை பேசினார்கள். பிறகு கொள்கலன் கப்பல்கள் வந்தன. பெரிய கப்பல்களுக்கு அந்தப் பழைய துறைகள் போதவில்லை. மூட்டை தூக்க ஆளும் தேவைப்படவில்லை. 1967 முதல் 1981 வரை துறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

1986 அக்டோபர் 27-ல் பங்குச் சந்தையின் பழைய கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன. வெளிநாட்டு வங்கிகள் படையெடுத்தன. மூடிய வெஸ்ட் இந்தியா துறையின் இடத்தில் கனரி வார்ஃப் எழுந்தது. அதன் 50 மாடிக் கோபுரம் 1991-ல் திறக்கப்பட்டது. வேலைகள் திரும்பின. ஆனால் அவை மூட்டை தூக்கியவருக்கான வேலைகள் அல்ல. இதற்கிடையே, 1980-ம் ஆண்டுச் சட்டம் நகராட்சி வீடுகளில் வாடகைக்கு இருந்தோர் அவற்றை வாங்க வழி செய்தது. விற்ற வீடுகளுக்கு ஈடாகப் புதிய வீடுகள் போதிய அளவில் கட்டப்படவில்லை.

அந்தக் கோபம் எங்கே திரும்பியது? 1993 செப்டம்பரில், கோபுரத்தின் நிழலிலேயே உள்ள மில்வால் தொகுதியில், குடியேறிகளை எதிர்த்த பிரிட்டிஷ் தேசியக் கட்சி ஒரு நகராட்சி இடத்தை வென்றது. துறையை மூடியவர்மீதோ வீடு கட்டாதவர்மீதோ அல்ல, பக்கத்து வீட்டு வங்காளிமீது பழி விழுந்தது. மறு ஆண்டே அந்த இடத்தை அக்கட்சி இழந்தது என்பது ஆறுதல்.

இன்று நிலைமை வேறு. 2004-ல் ஐரோப்பிய ஒன்றியம் விரிந்தபின் போலந்து முதலிய நாட்டவரும் வந்தார்கள். 2015-ல் லண்டன் தன் 1939 உச்சத்தைத் தாண்டியது. 2021 கணக்கெடுப்பில் 88 லட்சம் பேர். பத்தில் நால்வர் பிரிட்டனுக்கு வெளியே பிறந்தவர்கள். ஆள் கூடும்போது வீட்டு நெருக்கடியும் கூடுகிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆள் குறைந்த காலத்திலும் அதே குற்றச்சாட்டு இருந்ததே! அப்படியானால் தலைகளை எண்ணி மட்டும் பயனில்லை. தொழில் மாறும்போது பழைய தொழிலாளிக்கு என்ன வழி செய்தார்கள், யாருக்காக வீடு கட்டினார்கள் என்பதையே கேட்க வேண்டும். எய்தவன் இருக்க அம்பை நோவதில் நியாயம் இல்லை.