நாப்ஸ்டர் முதல் அசோக் குமார் வரை: கோப்புப் பகிர்வும் பதிப்புரிமைச் சட்டமும்

பதிப்புரிமைச் சட்டம் நெடுங்காலமாக முகவரி உள்ள எதிரிகளோடுதான் மோதிவந்தது. கள்ளப் பதிப்பு போட அச்சகம் வேண்டும். நாடா பதிய இயந்திரம் வேண்டும். விற்கக் கடை வேண்டும். 2004இல் தமிழ்நாடு அரசு குண்டர் தடுப்புச் சட்டத்தின் வரம்புக்குள் திருட்டு விசிடிக்காரர்களைக் கொண்டுவந்தபோதும் சோதனை போடக் கடை இருந்தது, பறிமுதல் செய்யச் சரக்கு இருந்தது, கைதுசெய்ய ஆள் இருந்தார். அதே ஆண்டுகளில் அமெரிக்க நீதிமன்றங்கள் கடையோ சரக்கோ இல்லாத வழக்குகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. கோப்புப் பகிர்வின் கதையைத் தொழில்நுட்ப வளர்ச்சியாக மட்டும் சொல்வது வழக்கம். தீர்ப்புகளைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் வேறொன்று புலப்படுகிறது: எதைப் பிடியாகக் கொண்டு ஒரு தீர்ப்பு பொறுப்பைச் சுமத்தியதோ, அந்தப் பிடி அடுத்து வந்த அமைப்பில் இல்லாமல் போனது.

தொடக்கப்புள்ளி இணையத்துக்கு முந்தையது. வீட்டில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்ய உதவிய சோனியின் பீட்டாமேக்ஸ் கருவிக்கு எதிராக ஹாலிவுட் நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் சோனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சட்டத்துக்கு உட்பட்ட கணிசமான பயன்பாடு ஒரு கருவிக்கு இருந்தால், அதை விற்றதற்காக மட்டுமே விற்றவரைப் பொறுப்பாக்க முடியாது என்பது அதன் சாரம். அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மென்பொருள் நிறுவனங்கள் இந்தத் தீர்ப்பைக் கேடயமாகத் தூக்கிப் பிடித்தன.

பாஸ்டன் நகரில் கல்லூரி மாணவராக இருந்த ஷான் ஃபேனிங் 1999 ஜூனில் வெளியிட்ட பாட்டுப் பகிர்வு மென்பொருளான நாப்ஸ்டர் மீதானதே அந்தக் கேடயத்தின் வலுவைச் சோதித்த முதல் பெரிய வழக்கு. எம்பி3 வடிவம் பாட்டின் கோப்பை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருக்கியிருந்தது. நாப்ஸ்டர் இயங்கிய விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒருவர் பாட்டின் பெயரைத் தட்டச்சு செய்தால் கேள்வி நிறுவனத்தின் சர்வருக்குப் போகும். அந்நேரம் இணைப்பில் இருப்பவர்களில் யாரிடம் அந்தப் பாட்டு இருக்கிறது என்ற பட்டியல் அங்கே இருக்கும். சர்வர் முகவரியைச் சொல்லும். பாட்டு ஒருவர் கணினியிலிருந்து இன்னொருவர் கணினிக்கு நேரே போய்விடும். நாப்ஸ்டரின் சர்வரில் ஒரு பாட்டுகூடக் கிடையாது.

இதுவே அதன் எதிர்வாதத்துக்கும் அடிப்படை. ஆனால் 2001 பிப்ரவரியில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் பாட்டைத் தேடவில்லை, பட்டியலைப் பிடித்தது. பட்டியல் கையில் இருப்பதால் நடப்பது நிறுவனத்துக்குத் தெரியும், தடுக்கவும் முடியும் என்றது. அதற்கு முந்தைய ஆண்டே மெட்டாலிகா இசைக்குழு, தன் பாடல்களைப் பகிர்ந்தவர்கள் என்று மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர் பெயர்களைப் பெட்டி பெட்டியாக நாப்ஸ்டர் அலுவலகத்தில் கொண்டுபோய் இறக்கியிருந்தது. தெரியாது என்று சொல்ல வழியில்லை. வடிகட்டி வைத்தார்கள், பயனர்கள் பாடகர் பெயரை வேண்டுமென்றே பிழையாக எழுதி அதைத் தாண்டினார்கள். 2001 ஜூலையில் சேவை நின்றது.

தப்பிக்கும் வழியைத் தீர்ப்பே சொல்லிவிட்டது. பட்டியல்தான் குற்றம் என்றால் பட்டியல் வேண்டாம். வழக்கு நடந்துகொண்டிருந்த 2000 மார்ச்சிலேயே நுடெல்லா வெளியாகியிருந்தது; அதில் மைய சர்வரே இல்லை. 2001இல் வந்த கசா, வேகமான பயனர் கணினிகளையே தற்காலிகப் பட்டியல் காப்பாளர்களாக்கியது. அதே தொழில்நுட்பத்தை உரிமம் பெற்றுப் பயன்படுத்திய கிராக்ஸ்டர், கீழமை நீதிமன்றங்கள் இரண்டிலும் வென்றது. நாப்ஸ்டரை மூடிய அதே ஒன்பதாம் வட்டாரம் 2004இல் கிராக்ஸ்டரை விட்டுவிட்டது. இதில் முரண்பாடு எதுவும் இல்லை. முன்பு பிடித்த இடம் இப்போது இல்லை, அவ்வளவுதான்.

2005 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தத் தீர்ப்பை மாற்றியது. நீதிபதி சவுட்டர் எழுதிய தீர்ப்பு மென்பொருளின் கட்டமைப்பைவிட நிறுவனத்தின் நோக்கத்தையே பார்த்தது. நாப்ஸ்டரின் பழைய பயனர்களை இழுக்கப் போட்ட திட்டங்கள், வடிகட்டி வைக்க முயலாதது, பயன்பாடு கூடக்கூட விளம்பர வருவாய் கூடும் ஏற்பாடு எல்லாம் சேர்ந்து, மீறலைத் தூண்டும் நோக்கத்துக்குச் சான்றாயின. பீட்டாமேக்ஸ் தீர்ப்பை ரத்து செய்யாமலே அதைச் சுற்றிப் போன இந்த வழி புத்திசாலித்தனமானது; நீண்ட நாள் பயன் தராததும்கூட. மென்பொருள் எழுதுபவர் இதிலிருந்து கற்கக்கூடிய பாடம், வாயை மூடிக்கொண்டிரு என்பதுதான்.

பிட்டாரண்டை இந்த வரிசையில் அப்படியே பொருத்திவிட முடியாது. 2001இல் பிராம் கோஹன் அதை எழுதியது சட்டத்தை ஏய்க்க அல்ல. பெரிய கோப்புகளைத் துண்டுகளாக்கி, பெறுபவர்களே பிறருக்கும் கொடுக்கும்படி செய்து, சர்வரின் சுமையைக் குறைக்க. லினக்ஸ் விநியோகங்களுக்கு அது இன்றும் பயன்படுகிறது. கைவைக்கக்கூடிய இடம் அந்த மென்பொருளில் இல்லை, அதைச் சுற்றி எழுந்த தளங்களில்தான் இருந்தது. சுவீடனின் பைரேட் பேயில் 2006இல் போலீஸ் சர்வர்களைப் பறிமுதல் செய்தது. 2009இல் நால்வருக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2012இல் அந்தத் தளம், துண்டுகளின் விவரம் தாங்கிய சிறு டாரண்ட் கோப்புகளைக்கூட வைத்திருப்பதை விட்டுவிட்டு, வெறும் எழுத்துச் சரமான மேக்னட் இணைப்புகளுக்கு மாறியது.

இடைவழியைப் பிடிக்க முடியாதபோது கடைசிப் பயனரைப் பிடித்துப் பார்த்ததும் உண்டு. 2003 செப்டம்பரில் அமெரிக்க ஒலிப்பதிவு நிறுவனங்களின் சங்கம் முதல் தவணையாக 261 பேர்மீது வழக்குப் போட்டது. அவர்களில் ஒருவர் 12 வயதுச் சிறுமி. மின்னசோட்டாவில் ஒரு பெண்ணுக்கு 24 பாடல்களுக்காக ஒரு கட்டத்தில் 19.2 லட்சம் டாலர் இழப்பீடு விதிக்கப்பட்டது; பின்னர் அது 2.22 லட்சத்தில் நின்றது. மக்களிடம் வெறுப்பைச் சம்பாதித்ததுதான் மிச்சம். 2008இல் அந்தப் படலத்தைச் சங்கமே முடித்துக்கொண்டது. இசையைப் பொறுத்தவரை பகிர்வின் ஈர்ப்பைக் குறைத்ததில் ஐட்யூன்ஸ், ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகளின் பங்கு எந்தத் தீர்ப்பின் பங்கையும்விடப் பெரிது என்பது என் கணிப்பு. ஸ்பாட்டிஃபையே தொடக்க ஆண்டுகளில் பயனர் கணினிகளுக்கிடையே பாட்டைப் பகிரும் முறையைப் பயன்படுத்தியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எஞ்சியது பாதை, அதாவது இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள். இந்தியாவில் இதன் முக்கியமான அத்தியாயம் சென்னையில் எழுதப்பட்டது. 2011 நவம்பரில் ‘3’ படத்தின் ‘வொய் திஸ் கொலவெறி’ பாடல் முதலில் இணையத்தில் கசிந்தது. அதன்பின் அதிகாரபூர்வமாக வெளியாகி, பகிர்ந்து பகிர்ந்தே உலகம் சுற்றியது. 2012 மார்ச்சில் படம் வெளியாகும் தறுவாயில், தயாரிப்பு நிறுவனமான ஆர்.கே. புரொடக்‌ஷன்ஸ் சென்னை உயர் நீதிமன்றத்தில் பிஎஸ்என்எல் உள்ளிட்ட சேவை நிறுவனங்களுக்கும், இன்னும் அடையாளம் தெரியாத மீறலாளர்களுக்கும் எதிராக இடைக்காலத் தடை பெற்றது. அடையாளம் தெரியாத பிரதிவாதிக்கு அமெரிக்காவில் ஜான் டோ என்று பெயர்; நம் நீதிமன்றங்களில் அசோக் குமார்.

அசோக் குமாருக்கு ஆணையைச் சார்வு செய்ய முடியாது. சேவை நிறுவனத்துக்கு முடியும். மே மாதம் பைரேட் பே மட்டுமின்றி, சொந்தப் படைப்புகளை ஏற்றுவோர் நிறைந்த விமியோவும், வெறும் எழுத்தைப் பகிரும் பேஸ்ட்பின்னும்கூடப் பல இணைப்புகளில் திறக்கவில்லை. படத்தின் கோப்பு எங்கே இருக்கிறது என்று தேடுவதைவிடத் தளத்தையே மூடுவது நிறுவனங்களுக்கு எளிது. ஜூன் 22 அன்று நீதிமன்றம் விளக்கம் தந்தது: தடை முழுத் தளத்துக்கு அல்ல, படம் இருக்கும் குறிப்பிட்ட முகவரிக்கு மட்டுமே, மனுதாரர் முகவரியைத் தர வேண்டும், நிறுவனங்கள் 48 மணி நேரத்தில் முடக்க வேண்டும்.

விமியோவில் குறும்படம் ஏற்றியிருந்த ஒருவர் இந்த வழக்கில் கட்சிக்காரரே அல்ல. அவர் தரப்பைச் சொல்ல அங்கே யாரும் இல்லை. நாப்ஸ்டரும் கிராக்ஸ்டரும் தோற்றாலும் தங்கள் வாதத்தைச் சொல்லித்தான் தோற்றன. சென்னை ஆணையின் குறை அதன் வீச்சில் இருந்ததைவிட, எதிர்த்தரப்பு காலியாக இருந்ததில்தான் இருந்தது. எதிர்த்து வாதிட ஆள் இருந்திருந்தால் ஜூனில் வந்த விளக்கம் மார்ச்சிலேயே ஆணையில் இடம்பெற்றிருக்கக்கூடும்.

2019 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம், படத் தயாரிப்பு நிறுவனமான யுடிவி தொடுத்த வழக்கில் தள முடக்கத்தை இன்னும் ஒரு படி கொண்டுபோனது. பெரும்பகுதி திருட்டுப் படங்களையே நம்பி இயங்கும் தளங்களை முழுமையாக முடக்கலாம் என்றது. முடக்கிய தளம் வேறு பெயரில் முளைத்தால் புது வழக்கு வேண்டியதில்லை. இணைப் பதிவாளரிடம் மனு கொடுத்து, பழைய ஆணையை அதற்கும் நீட்டிக்கலாம். அதே தீர்ப்பு, திருட்டுப் படம் பார்ப்பவர்களை முதலில் எச்சரித்து, கேட்காவிட்டால் அபராதம் விதிக்கும் கொள்கை ஒன்றை ஆராயுமாறும் மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. அமெரிக்க ஒலிப்பதிவு சங்கம் ஐந்தாண்டுகள் நடந்து பார்த்துக் கைவிட்ட பாதைக்கு வெகு பக்கத்தில் ஓடுகிறது இது.