நீர்க்குறி முதல் நொதிக்குறி வரை

நோயை நீரால் அறியும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வுகளுள் நாடியைப் போலவே சிறுநீரும் ஒன்றாகும். அதன் நிறத்தையும் மணத்தையும் நுரையையும் நோக்குவது நீர்க்குறி. அதன்மேல் ஒரு துளி எண்ணெய் விட்டு, அது பாம்பென நெளிந்தால் வாதம், மோதிரமென வளைந்தால் பித்தம், முத்தெனத் திரண்டால் கபம் என்று தெளிவது நெய்க்குறி. இம்முறையைத் தேரையர் பெயரோடு சேர்த்து வழங்குகிறோம். இன்று புணேயை அடுத்த லோஹேகாவில் வாழும் நம்மவர் ஆய்வுக்கூடத்தில் ஒரு குப்பி நீரைக் கொடுக்கும்பொழுது, அப்பழைய வினாவே புதிய முறையில் கேட்கப்படுகிறது.

மேனாட்டில் இவ்வினாவுக்குத் திருப்பம் தந்தவர் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்டு பிரைட். உடல் வீங்கிய நோயாளரின் சிறுநீரைக் கரண்டியிலிட்டு மெழுகுவத்திச் சுடரில் காய்ச்சினால் வெண்மையாகத் திரைவதையும், அத்தகையோர் இறந்தபின் அவர்தம் சிறுநீரகங்கள் பழுதுற்றிருந்ததையும் இணைத்து, 1827இல் அவர் வெளியிட்டார். திரைந்தது ஆல்புமின் என்னும் புரதமே.

சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உள. வடிகட்டி பழுதானால் ஆல்புமின் கசியும். ஆனால் அதனை அடுத்துள்ள நுண்குழல் முதலில் கெட்டால்? அங்கேதான் என்சைம் எனப்படும் நொதி துணை செய்கிறது. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆராயப்பட்ட என்.ஏ.ஜி. என்னும் நொதி, உருவில் ஆல்புமினைவிடப் பெரியது. குருதியிலிருந்து வடிகட்டியைக் கடந்து எளிதில் வாராது. ஆகவே சிறுநீரில் அது மிகுந்தால், குழலின் உயிரணுக்களே சிதைகின்றன என்று ஊகிக்கலாம்.

இலங்கையின் அநுராதபுரப் பகுதியிலும் ஆந்திரத்தின் உத்தானத்திலும் உழவரைப் பற்றிய சிறுநீரக நோயில், தொடக்கத்தில் ஆல்புமின் மிகுதியாய்த் தோன்றுவதில்லை. குழல்களே பெரிதும் கெடுகின்றன. இத்தகைய நோய்க்கே குழற்குறி வேண்டப்படுகிறது.

எனினும் தற்காலிகத் தாக்குதலிலும் நொதி உயரக்கூடும். ஆதலின் அன்றாட மருத்துவம் ஆல்புமினையும் குருதியின் கிரியாட்டினினையும் இன்னும் நம்பியுள்ளது. கிரியாட்டினினோ, சிறுநீரக ஆற்றலில் ஏறக்குறையப் பாதி குன்றும்வரை இயல்பாகவே தோன்றலாம். வலியும் முன்வந்து எச்சரிப்பதில்லை. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உடையோர் எவ்வூரில் வாழினும், ஆண்டுக்கொருமுறை இவ்விரு சோதனைகளையும் செய்துகொள்வது நலம். நோய் வாய் திறக்குமுன் நீர் பேசிவிடுகிறது; கேட்பது நம் கடன்.